60 வயது: அமெரிக்க விமானிகள் அரை நூற்றாண்டு நடத்திய போராட்டம்

1989ம் ஆண்டு பிப்ரவரி 24. ஹவாயின் ஹோனலூலுவிலிருந்து நியூசிலாந்தின் ஆக்லாந்துக்குக் கிளம்பிய யுனைடெட் ஏர்லைன்ஸின் போயிங் 747 விமானம் நடுவானில் ஏறிக்கொண்டிருந்தபோது சரக்குக் கதவு பிய்த்துக்கொண்டு போனது. விமானத்தின் பக்கவாட்டில் பெரிய ஓட்டை. ஒன்பது பயணிகள் இருக்கைகளோடு வெளியே இழுக்கப்பட்டு இறந்தார்கள். வலது பக்கத்து இன்ஜின்கள் இரண்டும் செயலிழந்தன. மிச்சமிருந்த இரண்டு இன்ஜின்களை வைத்துக்கொண்டே கேப்டன் டேவிட் க்ரோனின் விமானத்தைத் திருப்பி, ஹோனலூலுவிலேயே பத்திரமாக இறக்கினார். 346 பேர் உயிர் பிழைத்தார்கள்.

அப்போது க்ரோனினுக்கு வயது 59. ஓய்வு பெறும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. 60 முடிந்துவிட்டால் அமெரிக்காவின் எந்தப் பெரிய விமான நிறுவனத்திலும் அவர் விமானி இருக்கையில் உட்கார முடியாது. கண் பார்வை எப்படி, இதயம் எப்படி, கை நடுங்குகிறதா என்றெல்லாம் யாரும் சோதிக்கப் போவதில்லை. பிறந்த தேதி ஒன்றே போதும்.

ஒருவருடைய சாகசத்தை வைத்து ஒரு சட்டம் சரியா தவறா என்று முடிவு செய்ய முடியாது என்பது உண்மைதான். ஆனால் ஒரு கேள்வி மட்டும் நிற்கிறது. ஏன் 60? 58 ஏன் இல்லை, 63 ஏன் இல்லை? மருத்துவர்கள் ஆராய்ந்து கண்டுபிடித்த எண்ணாகத்தான் இருக்கும் என்று பலரும் நினைப்பார்கள். கதை அப்படி இல்லை.

ஒரு கடிதம்

1950களின் கடைசியில் அமெரிக்க விமானத் தொழில் பெரிய மாற்றத்தில் இருந்தது. விசிறி வைத்த பழைய விமானங்கள் போய் ஜெட் விமானங்கள் வந்துகொண்டிருந்தன. அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 1959 ஜனவரியில் போயிங் 707 விமானத்தை நியூயார்க் - லாஸ் ஏஞ்சல்ஸ் மார்க்கத்தில் விட்டது. ஜெட் வாங்கினால் மட்டும் போதாது, கேப்டன்களுக்குப் புதிதாகப் பயிற்சியும் தர வேண்டும். பயிற்சிக்குச் செலவு அதிகம். சீனியாரிட்டிப்படி புதிய விமானத்தில் முதலில் ஏறும் உரிமை மூத்த கேப்டன்களுக்குத்தான். அதிக சம்பளம் வாங்குபவர்களும் அவர்களே. இன்னும் சில வருஷங்களில் ஓய்வு பெறப் போகிறவருக்கு இவ்வளவு செலவு செய்து பயிற்சி கொடுப்பதா என்ற கணக்கு நிறுவனத்துக்கு வந்ததில் ஆச்சரியம் இல்லை.

அமெரிக்கன், வெஸ்டர்ன், டி.டபிள்யூ.ஏ ஆகிய மூன்று நிறுவனங்களும் தங்கள் விமானிகளை 60 வயதில் வீட்டுக்கு அனுப்பப் பார்த்தன. ஆல்பா எனப்படும் விமானிகள் சங்கம் இதை எதிர்த்து நடுவர்களிடம் முறையிட்டது. நடுவர்கள் விமானிகள் பக்கம் தீர்ப்புச் சொன்னார்கள். ஒப்பந்தத்தில் இல்லாத ஓய்வு வயதை நிறுவனம் தானாகத் திணிக்க முடியாது என்றாகிவிட்டது. அமெரிக்கன் ஏர்லைன்ஸ் இதை எளிதில் ஏற்கவில்லை. 1958 டிசம்பரில் அந்த நிறுவனத்தின் விமானிகள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். ஜெட் சம்பளம் போன்ற வேறு பிரச்னைகளும் இருந்த அந்த வேலைநிறுத்தம் சுமார் மூன்று வாரம் நீடித்து, 1959 ஜனவரியில்தான் முடிந்தது.

அடுத்த மாதமே அமெரிக்கன் ஏர்லைன்ஸின் தலைவர் சி.ஆர்.ஸ்மித் ஒரு கடிதம் எழுதினார். யாருக்கு? எஃப்.ஏ.ஏ எனப்படும் அமெரிக்க அரசின் விமானப் போக்குவரத்து ஆணையத்தின் முதல் தலைவர் எல்வுட் கெசாடாவுக்கு. எஃப்.ஏ.ஏ 1958ல் இயற்றப்பட்ட சட்டத்தால் பிறந்த புத்தம் புது அமைப்பு. ஸ்மித், கெசாடா இருவருமே இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க விமானப்படையில் ஜெனரல்களாக இருந்தவர்கள். கடிதத்தின் சாரம் இதுதான்: விமானிகளுக்கு 60 வயது உச்சவரம்பை அரசாங்கமே கொண்டுவர வேண்டும்.

1959 டிசம்பரில் விதி வெளியானது. 1960 மார்ச் 15 முதல் நடைமுறைக்கு வந்தது. 60 வயதைத் தொட்ட யாரும் பெரிய விமான நிறுவனங்களின் விமானத்தை ஓட்டக்கூடாது. பேச்சுவார்த்தை மேசையில் கிடைக்காதது அரசு ஆணையாகக் கிடைத்துவிட்டது. சங்கம் நீதிமன்றம் போனது. பாதுகாப்பு விஷயத்தில் நிபுணத்துவம் உள்ள அமைப்பின் முடிவில் தலையிட முடியாது என்று 1960லேயே நீதிமன்றம் கைவிரித்துவிட்டது. 1961ல் பதவியை விட்டு இறங்கிய கெசாடா அதன்பின் அமெரிக்கன் ஏர்லைன்ஸின் இயக்குநர் குழுவில் உறுப்பினரானார். விமானிகள் இதைக் கடைசி வரை மறக்கவில்லை.

எஃப்.ஏ.ஏ பக்கத்து வாதத்தையும் சொல்ல வேண்டும். வயது ஏற ஏற மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை திடீரென்று தாக்கும் ஆபத்து கூடுகிறது. யாருக்கு எப்போது வரும் என்று முன்கூட்டியே சொல்லும் சோதனை இல்லை. எனவே எல்லோருக்கும் பொதுவாக ஒரு கோடு போட வேண்டும் என்பதே அவர்கள் வாதம். இதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் கோடு வேண்டும் என்பது வேறு, கோடு 60லேயே இருக்க வேண்டும் என்பது வேறு. பின்னாளில் நாடாளுமன்றம் கேட்டுக்கொண்டதன் பேரில் அரசின் முதுமை ஆய்வு நிறுவனம் அமைத்த நிபுணர் குழு 1981ல் அறிக்கை தந்தது. 60 என்ற வயதுக்கு மருத்துவரீதியில் தனிச்சிறப்பு எதுவும் இல்லை என்றது. அதே அறிக்கை, விதி அப்படியே தொடரட்டும் என்றும் பரிந்துரை செய்தது!

இன்னொரு முரண்பாடும் இருந்தது. மாரடைப்பு வந்து தேறிய இளைய விமானிக்கும், குடிப்பழக்கத்திலிருந்து மீண்ட விமானிக்கும் தனித்தனியாகச் சோதனை செய்து மறுபடி பறக்க எஃப்.ஏ.ஏ அனுமதி கொடுத்து வந்தது. முழு ஆரோக்கியத்தோடு இருக்கும் 60 வயதுக்காரருக்கு மட்டும் அந்தக் கதவு திறக்கவே இல்லை.

வயதுப் பாகுபாட்டுச் சட்டம் வந்தது

1967 டிசம்பரில் அதிபர் லிண்டன் ஜான்சன் வேலைவாய்ப்பில் வயதுப் பாகுபாட்டைத் தடை செய்யும் சட்டத்தில் கையெழுத்திட்டார். 40 முதல் 65 வயது வரை உள்ளவர்களை வயதைக் காரணம் காட்டி வேலையிலிருந்து நீக்கக் கூடாது. 1978ல் அந்த மேல் வரம்பு 70 ஆனது. 1986ல் பெரும்பாலான தொழில்களுக்கு மேல் வரம்பே நீக்கப்பட்டது.

அப்படியானால் விமானிகளின் பிரச்னை தீர்ந்ததா? இல்லை. அந்தச் சட்டம் கட்டுப்படுத்தியது முதலாளியை. விமானியை 60ல் இறக்கியதோ அரசின் பாதுகாப்பு விதி. "நாங்கள் என்ன செய்வது, விதி அப்படி" என்று நிறுவனம் ஒதுங்கிக்கொள்ளலாம். நாடு முழுவதும் ஓய்வு வயது கலைந்துகொண்டிருந்த காலத்தில் விமானிகளுக்கு மட்டும் அது கல்லில் எழுதியதுபோல நின்றது.

சட்டத்தில் இன்னொரு விதிவிலக்கும் இருந்தது. குறிப்பிட்ட வயதுக்குள் இருப்பது அந்த வேலைக்கே இன்றியமையாத தகுதி என்று முதலாளி நிரூபித்தால் வயது வரம்பு செல்லும். இன்றியமையாதது என்றால் என்ன? எந்த அளவுக்கு நிரூபிக்க வேண்டும்? இந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்க ஒரு நாற்காலி உதவியது.

மூன்றாவது நாற்காலி

அந்தக் கால ஜெட் விமானங்களில் விமானி அறையில் மூன்று பேர் இருப்பார்கள். முன்னால் கேப்டனும் துணை விமானியும். அவர்களுக்குப் பின்னால் பக்கவாட்டுப் பலகையைப் பார்த்துக்கொண்டு ஃப்ளைட் இன்ஜினியர். எரிபொருள், மின்சாரம், காற்றழுத்தம் இவற்றைக் கவனிப்பது அவர் வேலை. சாதாரணமாக அவர் விமானத்தை ஓட்ட மாட்டார். எஃப்.ஏ.ஏவின் 60 வயது விதி முன்னால் இருக்கும் இருவருக்கு மட்டும்தான். மூன்றாமவருக்கு வரம்பு கிடையாது.

ஆகவே சில கேப்டன்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். 60 ஆனதும் ஓய்வு பெறுவதற்குப் பதிலாக, சம்பளமும் அந்தஸ்தும் குறைந்தாலும் பரவாயில்லை என்று பின் நாற்காலிக்குப் போகக் கேட்டார்கள். நேற்று வரை கேப்டன், இன்று ஃப்ளைட் இன்ஜினியர்!

டி.டபிள்யூ.ஏவில் உடல்நலக் குறைவாலோ ஆட்குறைப்பாலோ பதவி இழக்கும் கேப்டன், தன்னைவிட ஜூனியரான ஃப்ளைட் இன்ஜினியரை நகர்த்திவிட்டு அந்த இடத்தில் உட்காரலாம். 60 வயதால் பதவி இழப்பவருக்கு மட்டும் அந்த உரிமை இல்லை. காலி இடத்துக்கு முன்கூட்டியே விண்ணப்பித்துக் காத்திருக்க வேண்டும். பிறந்த நாளுக்குள் இடம் கிடைக்காவிட்டால் வேலை போய்விடும். 1985 ஜனவரியில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இது வெளிப்படையான வயதுப் பாகுபாடு என்று சொன்னது. தர்ஸ்டன் வழக்கு என்று பெயர். ஆனால் நிறுவனம் வேண்டுமென்றே சட்டத்தை மீறவில்லை என்று சொல்லி, இரட்டிப்பு இழப்பீடு தர மறுத்துவிட்டது.

அதே ஆண்டு ஜூனில் இன்னொரு தீர்ப்பு வந்தது. வெஸ்டர்ன் ஏர்லைன்ஸ் ஃப்ளைட் இன்ஜினியர்களுக்கும் சேர்த்து 60 வயது வரம்பு வைத்திருந்தது. க்ரிஸ்வெல் என்ற கேப்டனும் மற்றவர்களும் வழக்குப் போட்டார்கள். பாதுகாப்புக்காகத்தான் இப்படிச் செய்தோம், எங்கள் காரணம் நியாயமானது என்று நிறுவனம் வாதாடியது. நியாயமாகத் தோன்றும் காரணம் மட்டும் போதாது என்று உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொன்னது. அந்த வயதைத் தாண்டிய எல்லோராலும், அல்லது அநேகமாக எல்லோராலும், அந்த வேலையைப் பாதுகாப்பாகச் செய்ய முடியாது என்று காட்ட வேண்டும். அல்லது ஒவ்வொருவரையும் தனித்தனியாகச் சோதிப்பது நடைமுறையில் சாத்தியமில்லை என்று காட்ட வேண்டும். இரண்டில் எதையும் நிரூபிக்க முடியவில்லை என்றால் வயது வரம்பு செல்லாது. நிரூபிக்கும் பொறுப்பு முதலாளியுடையது.

விமானத் துறையைத் தாண்டி, வயதுப் பாகுபாடு வழக்குகளில் இன்றும் எடுத்துக்காட்டப்படும் தீர்ப்பு இது. ஆனால் இந்த வெற்றிக்கு ஆயுள் குறைவு. 1982, 83ல் சேவைக்கு வந்த போயிங் 767, 757 விமானங்களில் இரண்டே நாற்காலிகள். ஃப்ளைட் இன்ஜினியரின் வேலையைக் கம்ப்யூட்டர் எடுத்துக்கொண்டது. நீதிமன்றம் காப்பாற்றிக் கொடுத்த மூன்றாவது நாற்காலி கொஞ்சம் கொஞ்சமாக மறைந்தே போனது.

சங்கம் கட்சி மாறியது

ஆரம்பத்தில் இந்த விதியை எதிர்த்து நீதிமன்றம் போன சங்கம் ஆல்பா. அதே ஆல்பா 1980ல் நிலைப்பாட்டை மாற்றிக்கொண்டு விதியை ஆதரிக்க ஆரம்பித்தது. ஏன்?

விமான நிறுவனங்களில் எல்லாமே சீனியாரிட்டி பட்டியல்தான். எந்த விமானம், எந்த மார்க்கம், கேப்டனா துணை விமானியா, எந்த நாள் விடுமுறை என்று எல்லாவற்றையும் வேலைக்குச் சேர்ந்த தேதி முடிவு செய்யும். பெரிய விமானத்துக்குப் பெரிய சம்பளம். இப்போது ஒரு பட்டியலில் ஆயிரம் பேர் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். முதலிடத்தில் இருப்பவர் ஓய்வு பெற்றால் மற்ற 999 பேரும் ஒரு படி மேலே போவார்கள். அவர் இன்னும் ஐந்து வருஷம் இருந்தால் 999 பேரும் ஐந்து வருஷம் அதே படியில் நிற்பார்கள். சங்கத்தில் ஓட்டு யாருக்கு அதிகம்? 59 வயதுக்காரர்களுக்கா, 35 வயதுக்காரர்களுக்கா? பென்ஷனும் தாராளமாக இருந்த காலம் அது. 60ல் கௌரவமாக வீட்டுக்குப் போவதில் பெரும்பாலோருக்குக் கஷ்டம் இல்லை.

ஆக, விதியைக் கொண்டுவரக் காரணமானது நிறுவனத்தின் செலவுக் கணக்கு என்றால், விதியைக் காப்பாற்றியது சங்கத்தின் பதவி உயர்வுக் கணக்கு. இரண்டு பக்கமும் வெளியே சொன்ன வார்த்தை என்னவோ ஒன்றுதான். பாதுகாப்பு.

பென்ஷன் கவிழ்ந்தபோது

2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு கணக்கு தலைகீழானது. விமான நிறுவனங்கள் வரிசையாகத் திவாலாயின. யுனைடெட் 2002 டிசம்பரில் திவால் பாதுகாப்புக் கேட்டது. 2005ல் தன் ஊழியர்களின் பென்ஷன் திட்டங்களைக் கைவிட்டது. சுமார் 980 கோடி டாலர் பற்றாக்குறை. அதுவரை அமெரிக்கா காணாத பெரிய பென்ஷன் முறிவு. திட்டங்களை, அரசின் பென்ஷன் காப்புறுதி அமைப்பான பி.பி.ஜி.சி ஏற்றுக்கொண்டது.

விமானிகளுக்கு இடி விழுந்தது இங்கேதான். 2005ல் கவிழ்ந்த திட்டங்களுக்கு பி.பி.ஜி.சி தரும் அதிகபட்ச பென்ஷன், 65 வயதில் ஓய்வு பெறுபவருக்கு ஆண்டுக்குச் சுமார் 45,600 டாலர். 65க்கு முன்பே ஓய்வு பெற்றால் குறையும். 60ல் ஓய்வு பெற்றவருக்கு அதில் 65 சதவீதம்தான். அதாவது சுமார் 29,600 டாலர். அரசின் ஒரு கை 60ல் கட்டாயமாக இறக்கிவிடுகிறது. இன்னொரு கை, சீக்கிரம் ஓய்வு பெற்றுவிட்டாய் என்று சொல்லிப் பணத்தைக் குறைக்கிறது. லட்சத்துக்கு மேல் பென்ஷன் வரும் என்று திட்டமிட்டிருந்த கேப்டன்களின் வீட்டுக் கணக்கு என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். 60ல் வீட்டுக்குப் போவது பலருக்கும் இனிமேல் கட்டுப்படியாகாத விஷயமாகிவிட்டது.

டிசம்பர் 13

மாற்றம் வெளியிலிருந்து வந்தது. ஐ.நாவின் சர்வதேச விமானப் போக்குவரத்து அமைப்பான ஐ.சி.ஏ.ஓ, 2006 நவம்பரில் உலக அளவில் வரம்பை 65 ஆக உயர்த்தியது. இரண்டு விமானிகளில் ஒருவர் 60க்குக் கீழ் இருக்க வேண்டும் என்பது அப்போதைய நிபந்தனை. விளைவு, ஐரோப்பாவிலிருந்து வரும் 62 வயது கேப்டன் நியூயார்க்கில் ஜம்போ ஜெட்டை இறக்கலாம். அதே ஊரில் வசிக்கும் 60 வயது அமெரிக்கக் கேப்டன் அதே ஓடுபாதையில் இறங்கக் கூடாது! இதற்குப் பிறகு பாதுகாப்பு என்ற வார்த்தையைச் சொல்லிக்கொண்டிருக்க முடியவில்லை. 2007 ஜனவரியில் எஃப்.ஏ.ஏ தானே விதியை மாற்றப் போவதாக அறிவித்தது. மே மாதம் ஆல்பாவும் எதிர்ப்பைக் கைவிட்டது.

ஆனால் அரசு விதி மாற வருஷக்கணக்காகும். ஒவ்வொரு மாதமும் விமானிகள் 60 ஆகி வெளியேறிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் நாடாளுமன்றமே சட்டம் இயற்றியது. கீழவையில் 390க்கு 0 என்று நிறைவேறியது. 2007 டிசம்பர் 13ம் தேதி அதிபர் புஷ் கையெழுத்திட்டார். அந்த நிமிடமே 60 மறைந்து 65 வந்தது.

சட்டம் முன்தேதியிட்டுச் செல்லாது. டிசம்பர் 13க்கு முன்பே 60 ஆகி வெளியேறியவர் திரும்பி வர விரும்பினால், புதிய ஆளாக, பட்டியலின் கடைசியில் சேர வேண்டும். முப்பது வருஷ சீனியாரிட்டி போனது போனதுதான். டிசம்பர் தொடக்கத்தில் பிறந்தவருக்கு எல்லாம் முடிந்தது. டிசம்பர் கடைசியில் பிறந்தவருக்கு இன்னும் ஐந்து ஆண்டு கேப்டன் சம்பளம். பாதிக்கப்பட்டவர்கள் வழக்குப் போட்டார்கள். 2013ல் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது.

இளைய விமானிகளுக்கும் இழப்பு இருந்தது. 2012 டிசம்பர் வரை வயதால் யாரும் கட்டாய ஓய்வு பெறவில்லை. ஐந்து வருஷம் பட்டியல் நகரவில்லை. நடுவில் 2008 பொருளாதார நெருக்கடி வேறு. துணை விமானிகள் துணை விமானிகளாகவே இருந்தார்கள்.

அதன் பிறகு

ஐரோப்பாவிலும் இதே வழக்கு நடந்தது. ஜெர்மனியின் லுஃப்தான்சா, சங்கத்தோடு செய்துகொண்ட ஒப்பந்தப்படி விமானிகளை 60ல் ஓய்வு பெறச் செய்தது. பிரிகே என்ற விமானியும் வேறு இருவரும் வழக்குத் தொடர்ந்தார்கள். சர்வதேச விதியும் ஜெர்மன் விதியும் 65 வரை அனுமதிக்கும்போது, பாதுகாப்பு என்று சொல்லி ஒப்பந்தத்தில் 60 வைப்பது வயதுப் பாகுபாடு என்று 2011 செப்டம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1985ல் அமெரிக்க நீதிமன்றம் கேட்ட அதே கேள்வியைத்தான் இதுவும் கேட்டது. தேவை என்கிறாயே, நிரூபி.

அமெரிக்காவில் விவாதம் 65லும் நிற்கவில்லை. கொரோனாவுக்குப் பிறகு விமானிகள் பற்றாக்குறை வந்தது. 2023ல் கீழவை வரம்பை 67 ஆக்க ஒப்புக்கொண்டது. 2024 பிப்ரவரியில் செனட் குழுவில் 14க்கு 13 என்று ஒரே ஓட்டில் அது தோற்றது. 2024 மே மாதம் கையெழுத்தான எஃப்.ஏ.ஏ சட்டத்தில் 65 அப்படியே இருந்தது. அப்போது எதிர்ப்பாளர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று கவனிக்கத்தக்கது. சர்வதேச வரம்பு 65 என்பதால் 66 வயது கேப்டன் வெளிநாடு பறக்க முடியாது. உள்நாட்டு விமானத்துக்கு இறங்கி வருவார். அங்கே இருப்பவரை நகர்த்துவார். மீண்டும் பட்டியல், மீண்டும் பயிற்சிச் செலவு. 1959ல் ஆரம்பித்த அதே கணக்கு.

வயது வரம்பே வேண்டாம் என்று இந்த வரலாறு சொல்லவில்லை. முன்னூறு பேரைச் சுமந்து பறப்பவரின் உடல்நிலையில் ஊருக்கெல்லாம் அக்கறை இருக்கத்தான் வேண்டும். ஆனால் 60 என்ற எண்ணைக் கேட்டது ஒரு நிறுவனம், கொடுத்தது ஓர் அதிகாரி, காத்தது ஒரு சங்கம். 48 ஆண்டுகள் அதற்கு மருத்துவச் சாயம் பூசப்பட்டிருந்தது. அந்த எண்ணால் இறக்கிவிடப்பட்டவர்களுக்கு, உன் உடலைச் சோதித்துப் பார்க்கிறோம் என்று சொல்லக்கூட யாரும் இல்லை. இனி எந்தத் தொழிலிலாவது, எந்த நாட்டிலாவது, பாதுகாப்புக்காக இந்த வயது என்று ஓர் எண்ணைச் சொன்னால், அந்த எண்ணை முதலில் கேட்டது யார், அதனால் யாருடைய செலவு குறைகிறது என்ற இரண்டு கேள்விகளையும் கேட்டுவிட்டு ஒப்புக்கொள்வது நல்லது.